பொட்டு வைத்த கேஸ்கெட்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், அந்தக் காலத்து அப்பாக்களைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. போன மாதம் எங்கள் மலாக்காக் கோயில் அன்னதானத்தில் பக்கத்து இலைக்காரர் என் பக்கம் திரும்பிச் சொன்னார். “உங்கப்பா மாதிரி கைராசிக்காரரு காஜா பேராங்லயே கிடையாதும்மா. துரை தூக்கிப் போட்ட காடிய ஓட வச்சாரே!” வரிசையில் இருந்த நரைத்த தலைகள் எல்லாம் ஆமாம் போட்டன. நான் ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ரசத்தில் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு ஆமாம் போட்ட நீங்கள் எல்லாரும் அந்தக் காரில் ஏறியிருக்கிறீர்கள். உங்களில் மூன்று பேருக்காவது அதுதான் கல்யாணக் கார். அது எவ்வளவு சத்தமில்லாமல் ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஆறு வாரம் அது எப்படி ஓடாமல் உயிரை வாங்கியது என்று தெரியாது. அந்தப் பழி யார் தலையில் விழுந்தது என்பதும் தெரியாது. தெரியாமல் புகழாதீர்கள். கேட்டுவிட்டுப் புகழுங்கள்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தின வருடம் அது. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா கிராணியாகக் கணக்கு எழுதிய ரப்பர் தோட்டத்துத் துரையும் கிளம்பினார். அவருடைய நாய்க்கு ஆள் கிடைத்தது, பியானோவுக்கு ஆள் கிடைத்தது. இன்ஜின் இறுகிப்போய் இரண்டு வருடம் கொட்டகையில் நின்ற கறுப்புக் காருக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. பெரியப்பா துரையிடம் ஒரு வார்த்தை சொன்னார். கார் ஒரு லோரியின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து பெரியப்பா அந்தக் காரைத் தானே பெற்றெடுத்ததுபோல் பேச ஆரம்பித்தார்.

அப்பா ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக். கை சுத்தம், கண் சுத்தம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. காரின் முன்பெட்டியில் துரை விட்டுப்போன புத்தகம் ஒன்று இருந்தது. இன்ஜினை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது, எதை எவ்வளவு இறுக்குவது என்று படம் போட்டு எழுதியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவள் வீட்டில் அக்கா மட்டும்தான். கான்வென்டில் மூன்றாம் பாரம் வரை படித்துவிட்டு வீட்டோடு இருந்தாள்.

பின்கட்டுத் தகரக் கொட்டகையில் ரம்புத்தான் மரத்து நிழல் விழும் இடத்தில் வேலை நடந்தது. அக்கா ஒரு வரி படிப்பாள், தமிழில் சொல்வாள், அப்பா செய்வார். முதலில் அவள் படித்தாள், அவர் செய்தார். இரண்டாவது வாரத்தில் அவளும் செய்தாள். பிஸ்கட் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொரு சாமானாகக் கழுவி, அது எந்த இடத்துச் சாமான் என்று காகிதத் துண்டில் எழுதி ஒட்டினாள். எட்டு வால்வுகளையும் தேய்க்கிற பசை தடவி, அதில் பொருத்திய கோலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவதுபோல் உருட்டி உருட்டித் தேய்த்தவள் அவள்தான். கை கொப்புளித்துவிட்டது. தலைக்கு எவ்வளவு தேங்காயெண்ணெய் வைத்தாலும் மண்ணெண்ணெய் வாடைதான் முன்னால் வரும்.

“பொண்ணு பாக்க வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் போவாங்க லா” என்று அம்மா சொல்வாள்.

“பொத்திக்கிட்டுப் போவட்டும்மா, எனக்கு வேல மிச்சம்” என்பாள் அக்கா.

அக்காவிடம் மெல்லிய எஃகுத் தகடுகள் கொண்ட ஒரு சின்னக் கருவி இருந்தது. விசிறி மாதிரி விரியும். ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு தடிமன். வால்வுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அதை நுழைத்துப் பார்த்துச் சொல்வாள். அதை அவள் பென்சில் பெட்டியில் வைத்திருந்தாள். நான் தொட்டால் மட்டும் அடிப்பாள்.

காஜா பேராங் பெரிய ரோட்டில் கார் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. அதன் சீன முதலாளியைத் தவுக்கே என்போம். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் இங்கிலீஷ் புத்தகம் எட்டாத தூரம். அதைப் படித்துக்கொண்டிருந்த மகன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். அலமாரியில் பெட்டி பெட்டியாகச் சாமான் இருக்கும், எது எந்தக் காருக்கு என்று தேடியே தவுக்கேவுக்குப் பாதி நாள் போய்விடும். அக்கா ஒருநாள் பிஸ்டன் வளையம் வாங்கப் போனவள், அவருடைய தடிப் புத்தகத்தைப் புரட்டி மூன்று வாடிக்கையாளர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் தவுக்கேயே அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார், அந்தப் பெண்ணை என் கடைக்கு வேலைக்கு அனுப்புகிறாயா என்று.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “காடி ஓடட்டும் தவுக்கே. மொத ஓட்டத்துல நானே அவளக் கொண்டாந்து இறக்கி விடறேன்” என்றார். அன்றைக்கே அக்கா தன் வெள்ளைப் பள்ளிச் சட்டையை எடுத்து, கழுத்தைப் பிரித்து, பெரியவர்கள் போடும் மாதிரி தைக்க உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வரிசை வீடுகளில் அதுவரை ஒரு பெண்ணும் கடையில் சம்பளத்துக்கு நின்றதில்லை. காடி ஓடினால் அக்காவுக்கு வேலை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கோழிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஆயுத பூஜைக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் தோட்டத்திலிருந்து வந்தார்கள். எல்லா வேலையும் முடிந்து இன்ஜினின் மேல்மூடியைப் பொருத்துவது மட்டும்தான் பாக்கி. அந்த மூடியைத்தான் ஹெட் என்பார்கள். அதற்கும் அடிப் பாகத்துக்கும் நடுவில் வைக்கிற செம்புத் தகடுதான் கேஸ்கெட். புதுசு, பழுப்புக் காகிதத்தில் சுற்றி வந்தது. நாலு பெரிய ஓட்டை, சுற்றிலும் தண்ணீர் போக்குவரத்துக்குச் சின்னதும் பெரிதுமாக நிறைய ஓட்டை. புதுக் குடம் மாதிரி பளபளவென்று இருந்தது.

ஸ்பேனர், சுத்தியல், அம்மாவின் அரிவாள்மனை, என் சிலேட்டு எல்லாவற்றையும் வாழையிலையில் பரப்பி வைத்தோம். பெரியப்பா தட்டோடு வந்து ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கேஸ்கெட்டைக் கையில் எடுத்து, “அடடே, அம்மன் முகம் மாதிரி இருக்கு” என்று சொல்லி, நட்டநடுவில் பெரிய பொட்டாக வைத்தார். எந்தப் பக்கம் மேலே கிடந்ததோ அந்தப் பக்கம். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் மூடியைப் பொருத்த ஆரம்பித்தார்கள். அப்பா கேஸ்கெட்டைத் தூக்கி வைக்கப் போனார்.

“அப்பா, இருங்க” என்றாள் அக்கா. “மறுபக்கத்துல ‘டாப்’புன்னு அடிச்சிருக்கு. அந்தப் பக்கந்தான் மேல வரணும். புஸ்தகத்துலயும் போட்டிருக்கு.”

அப்பா தகட்டைத் திருப்பினார். அச்சடித்த எழுத்து மேலே வந்தது, பொட்டு அடிக்குப் போனது.

“என்னடா செய்யிற?” பெரியப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். “பொட்டு வெச்ச மொகத்தக் கவுத்துப் போடுவியா? நல்ல நாள் அதுவுமா?”

“தொடச்சிட்டு அந்தப் பக்கம் வேற பொட்டு வச்சிடலாம் பெரியப்பா” என்றாள் அக்கா. நல்லபடியாகத்தான் சொன்னாள்.

“வெச்ச பொட்ட அழிக்கிறதா?” பெரியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். “கல்யாணம் ஆவாத பொண்ணு வாயில வர்ற பேச்சா இது?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு மாமா. மலாக்காச் செட்டி வம்சம், லோரி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார், நெற்றி நிறைய விபூதி பூசுவார், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். “பூடாக் தூ பெத்துல் லா” என்றார் அவர். பிள்ளை சொல்வதுதான் சரி என்று அர்த்தம்.

“தமிழே தெரியாத ஆளு, சாமி விசயத்துல வாயத் தொறக்க வந்துட்டாரு” என்றார் பெரியப்பா, தமிழில், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில். மாமாவுக்குப் புரிந்தது. வேலியை விட்டுப் போய்விட்டார்.

அப்பா தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டைகளை விரலால் தடவினார். இதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? இருபது வருடம் பஸ் இன்ஜின் கழற்றிய மனிதர் அவர். எழுத்து தெரியாவிட்டாலும் ஓட்டை தெரியும். அண்ணன் முகத்தைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு, “ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் லா, எல்லா ஓட்டையும் உக்காருதுல்ல” என்று சொல்லிப் பொட்டு மேலே தெரியும்படி தகட்டைப் புரட்டி வைத்து மூடியை இறக்கினார். அக்கா நட்டு நட்டாக எடுத்துக் கொடுத்தாள்.

இன்ஜின் ஓடியது. கைப்பிடியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றியதும் பிடித்துக்கொண்டது. அண்டை அயல் எல்லாம் கைதட்டினார்கள். பெரியப்பா தன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தார். பத்து நிமிடம் தையல் மெஷின் மாதிரி ஓடியது. பிறகு நடுங்க ஆரம்பித்தது. நிற்கும் இடத்திலேயே குலுங்கியது. மட்கார்டின் மேல் வைத்திருந்த இனாமல் குவளை கடகடவென்று ஆடி நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. ரேடியேட்டர் விசிலடித்தது. புதிதாக அடித்திருந்த பெயின்ட் கருகுகிற வாடை வந்தது, அதுவும் இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து மட்டும்.

அடுத்து வந்த வாரங்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. அப்பா வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போவார். பிளக்கு நாலையும் மாற்றினார். நடுக்கம் போகவில்லை. கார்பரேட்டரைக் கழற்றி ஊதி ஊதிச் சுத்தம் செய்தார். போகவில்லை. பிளக்குக்குப் பொறி அனுப்புகிற பாயின்டைத் தேய்த்தார், டைமிங்கை முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார். ரேடியேட்டரில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றிக் கழுவினார். காலையில் குளிர்ந்திருக்கும்போது சாதுவாக இருக்கும். சூடேறியதும் பேய் பிடித்துக்கொள்ளும். தினம் மூன்று மணிக்கு மேல் மழை. தகரத்தில் மழைச் சத்தம், கீழே இன்ஜின் சத்தம், நடுவில் அப்பாவின் வசவு.

ஒரு சனிக்கிழமை அக்கா காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள். நடுங்கிக்கொண்டிருந்த இன்ஜினில் முதல் பிளக்கின் வயரைப் பிடுங்கினாள். சத்தம் தொய்ந்தது. மாட்டிவிட்டு இரண்டாவதைப் பிடுங்கினாள். அதற்கும் தொய்ந்தது. மூன்றாவதைப் பிடுங்கினாள், ஒரு மாற்றமும் இல்லை. நாலாவதற்கும் இல்லை.

“மொத ரெண்டு பேரு வேல செய்யிறாங்க. பின்னால ரெண்டு பேரு சும்மா நிக்கிறாங்க” என்றாள்.

பிறகு குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து, தோசைக்கல்லில் சூடு பார்ப்பதுபோல் மூடியின் மேல் வரிசையாகத் தெளித்தாள். முன்பக்கத்தில் விழுந்த துளி மெதுவாக ஊர்ந்து காய்ந்தது. பின்பக்கத்தில் விழுந்தது சுர்ரென்று காணாமல் போனது.

“பின்னால தண்ணி போவலப்பா. சூட்டுல வால்வு நீண்டு முழுசா மூடாம நிக்கிது, அதான் நடுங்குது. கேஸ்கெட்டுல பெரிய ஓட்ட பின்னால இருக்கணும், சின்னது முன்னால. நம்ம மாத்திப் போட்டுட்டோம். தண்ணி பின்னால சுத்தாம முன்னாலயே ஏறிப் போயிடுது.”

‘மாத்திப் போட்டுட்டீங்க’ என்று அவள் சொல்லவில்லை. ‘நம்ம’ என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவாவது அவர் அவளைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா?

“அதக் கழட்டச் சொல்றியா? அண்ணங்கிட்ட என்னான்னு சொல்லுவேன்?” என்றார் அப்பா. அவள் சொன்னது தப்பு என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் பெரியம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்குப் போகவேண்டியதாயிற்று. கார் பாதி வழியில் ஆவியைக் கக்கிவிட்டு நின்றது. மீன் வாங்கிக்கொண்டு போன சைக்கிள்காரர்கள் எல்லாம் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். பட்டுப்புடவையோடு வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற பெரியம்மாவின் கோபம் வீட்டுக்கு வந்ததும் வெடித்தது.

“இதுல என்னமோ தீட்டு இருக்கு. அந்தத் தகட்ட வெச்ச அன்னிக்கு இவ தூரமா இருந்தாளா இல்லியா, கேளுங்க! பொம்பளப் புள்ள எல்லாத்தையும் தொட்டுக்கிட்டு நின்னாளே.”

மாதவிலக்கைத்தான் எங்கள் வீட்டில் தூரம் என்பார்கள். பெரியப்பா தலையை ஆட்டினார். அவருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. பொட்டில் குற்றமில்லை என்றால் கையில்தான் குற்றம் இருக்க வேண்டும்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். “அம்மா, நீ சொல்லும்மா. நாலு நாள் முன்னாலயே தலைக்கு ஊத்திட்டேன்ல? நீதான சீயக்கா போட்டு விட்ட?”

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவிக்கொண்டே இருந்தாள். அந்த மூடியில் தேங்காய் தீர்ந்து கறுப்பு ஓடு வர ஆரம்பித்தது, அப்போதும் கை நிற்கவில்லை. அவளுக்குத் தெரியும். எனக்கே தெரியும், நான்தான் அன்றைக்கு வெந்நீர் விளாவினேன். மூத்தார் எதிரில் அந்த விஷயத்தை வாய்விட்டுப் பேசக் கூடாதாம். மகளின் பிழைப்பு போனால் பரவாயில்லை, மரியாதை போகக் கூடாது. எனக்கு இப்போது அம்மா அன்றைக்கு இருந்ததைவிட இரண்டு மடங்கு வயது. இருந்தும் என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

அப்பாவோ காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமே கொட்டாய்ப் பக்கம் வராத” என்று அக்காவிடம் சொன்னார். பெரியப்பா வரும் வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் வைத்துக் கழிப்புக் கழித்துவிடலாம் என்று நாள் குறித்துவிட்டுத் தோட்டத்துக்குப் பஸ் ஏறினார்.

இப்போது சொல்லப்போவதை இதுவரை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை அப்பா வேலைக்கு லீவு போட்டார். அம்மா காய் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள், அக்கா உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளிவிட்டு வந்தபோது கொட்டகையில் மூடி கழற்றிக் கிடந்தது. கேஸ்கெட்டின் பின் இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில் செம்பு கருகி வெடித்திருந்தது. அப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்துத் தவுக்கே கடைக்கு மிதித்தார். ஏன் என்னைக் கூட்டிப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

தவுக்கே புதுக் கேஸ்கெட்டை எடுத்து வைத்துவிட்டு ஆச்சரியப்பட்டார். போன மாதம் வாங்கியது அதற்குள் எப்படிக் கெட்டது என்று மலாயில் கேட்டார்.

அப்பா சிரித்தார். சங்கடப்பட்டவர்கள் சிரிக்கிற சிரிப்பு. “அனாக் சாயா பாசாங் தெர்பாலெக்” என்றார்.

என் மகள் தலைகீழாக மாட்டிவிட்டாள். மலாய் அவ்வளவு எனக்கும் தெரியும்.

பெரியப்பாவிடம் செல்லுபடியான பொய் இங்கே செல்லாது. தீட்டு என்று சொன்னால் தவுக்கே கேட்கமாட்டார், அவருக்கு இன்ஜின் தெரியும். அதனால் இன்ஜின் தெரிந்தவருக்கு என்று தனியாக ஒரு பொய். இரண்டும் ஒரே பெண்ணின் தலையில். தவுக்கே வருத்தமாக நாக்கைச் சப்புக்கொட்டினார். அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடிச் சாடியைத் திறந்து எனக்கு ஓர் அசாம் பொய் கொடுத்தார். உப்பும் புளிப்புமான அந்த உலர்ந்த பழம் வாய்க்குள் இருக்க, நான் பேசாமல் நின்றேன். ‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதில் வாய் இல்லாமலா போய்விட்டது? என் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து, அப்பா புதுத் தகட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். “நீ இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவல்ல? எந்தப் பக்கம் டாப்புன்னு போட்டிருக்கு, பாத்துச் சொல்லு.”

எழுத்துக் கூட்டிக் காட்டினேன். அந்தப் பக்கம் மேலே வரும்படி வைத்து மூடியை இறக்கினார். “வீட்டுல எதும் பேசப்படாது” என்றார்.

வெள்ளிக்கிழமை பெரியப்பா வந்தார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய், கற்பூரம். கார் கிளம்பியது. பத்து நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. இனாமல் குவளையை மட்கார்டில் வைத்தார்கள், அது வைத்த இடத்தில் நின்றது. பெரியப்பா, “பாத்தியா?” என்றார். அப்பா அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணனுக்குத் தம்பி செய்த மரியாதையைப் பார்த்துப் பெரியம்மா கண்கலங்கினாள். அக்கா சமையல்கட்டு ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ நடந்திருக்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் துணி துவைக்கிற கல்லில் வைத்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். “என்னா சொன்னாரு? அப்படியே சொல்லு” என்றாள். அப்பா சொன்ன மலாய் வார்த்தைகளை அப்படியே சொன்னேன். சோப்புக் கையைப் பாவாடையில் துடைத்தாள். கோழிக்கூண்டுக்குப் பின்னால் அப்பா வீசியிருந்த கருகிய கேஸ்கெட்டைத் தேடி எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கடையில் அதை மேசைமேல் வைத்துவிட்டு, தவுக்கேயிடம் மலாயில் சொன்னாள், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று நீங்களே பாருங்கள் என்று. தவுக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எழுத்து இருந்த பக்கம் இன்ஜின் அடிப்பாகத்தின் கரி அப்பியிருந்தது. மறுபக்கம் நட்டநடுவில் பழுப்பாக வெந்துபோன ஒரு வட்டம். நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். அந்தச் சூட்டுக்குப் பிறகும் சந்தன வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது போலும். அவர் முகம் மாறியது. மாரியம்மன் கோயில் பூசைக்குத் தேங்காய் அனுப்புகிறவர் அவர், பொட்டு என்றால் என்ன என்று தெரியாதவர் இல்லை.

“லு பெத்துல்” என்றார். நீ சொல்வது சரி.

அக்கா தலையை நிமிர்த்தினாள். இதோ கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

தவுக்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். உன்னை நான் நம்புகிறேன், ஆனால் உன் அப்பா தன் வாயால் சொல்லிவிட்டார். உன்னை இங்கே நிறுத்தினால் அவர் பொய் சொன்னார் என்று நானே ஊருக்குச் சொல்கிற மாதிரி. இந்திய டிரைவர்கள் எல்லாம் அவரை நம்பித்தான் இங்கே வருகிறார்கள். என் மைத்துனன் மகன் ஒருவன் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறான். இவ்வளவுதான். உண்மை தெரியாமல் ஒருவர் தவறு செய்தால் போகட்டும் என்று விடலாம். தெரிந்தவர்கள் மூன்று பேர், அப்பா, அம்மா, தவுக்கே. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு மரியாதை காப்பாற்ற வேண்டியிருந்தது.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அப்பா வாசலில் நின்றார்.

“கடத்தெருவுல போயி என் மானத்த வாங்கிட்டு வந்துட்டியா?”

அக்கா உள்ளே போய்ப் பென்சில் பெட்டியோடு வந்தாள். தகட்டுக் கருவியை அவர் கையில் வைத்தாள். “பின்னால நாலு வால்வுக்கும் எடவெளி மறுபடி பாத்து வைங்க. சூட்டுல மாறியிருக்கும். இப்ப விட்டா ரெண்டு மாசத்துல திரும்ப நடுங்கும். இதோட என்னையக் கூப்பிடாதீங்கப்பா.”

அவர் அடிக்கக் கையை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. மறுநாள் மாலை வால்வு இடைவெளியைப் பார்த்து வைத்தார். அவள் சொன்னபடிதான் வைத்தார். நீங்கள் புகழ்கிறீர்களே அந்தச் சத்தமில்லாத ஓட்டம், அது அங்கேதான் வந்தது.

அந்தத் தகட்டுக் கருவி பிறகு எங்கே போனதோ தெரியாது. துரையின் புத்தகத்தைச் செல் அரித்தது. அக்கா தையல் கற்றுக்கொண்டு பாதி காஜா பேராங்குக்குச் சட்டை தைத்தாள். கழுத்து மாற்றின அந்த வெள்ளைச் சட்டையை மட்டும் ஒருநாள் பிரித்து எனக்கு உள்பாடி தைத்துப் போட்டாள். நான் அதை அழுதுகொண்டே போட்டுக்கொண்டேன். அப்பா வாங்கிவரும் சாமான்களில் பாதி தப்பாக இருக்கும். தவுக்கேயின் மைத்துனன் மகனுக்கும் இங்கிலீஷ் வராது.

அடுத்த வருடம் சுதந்திர நாள் காலையில் திடலில் ஊர்வலம் என்றார்கள். எங்கள் வரிசையில் எல்லாரும் குளித்துப் புதுத்துணி உடுத்தியிருந்தோம். அப்பா காரைத் துடைத்து, முன்னால் புதுக் கொடியைக் கட்டி, எங்களை ஏற்றுவதற்காக வாசலில் நிறுத்தியிருந்தார். எங்கள் தெருவிலிருந்து சொந்தக் காரில் போகப்போகிறவர் அவர் ஒருவர்தான். கிளப்பினார். கார் இருமியது, இரண்டு குலுக்குக் குலுக்கியது, நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார். மறுபடியும் அதே.

பானெட்டைத் தூக்கினார். வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அங்கே தொட்டார், இங்கே தொட்டார். வியர்த்துவிட்டது. நடந்து போகிறவர்கள் எல்லாம், “என்னா மெக்கானிக்கு, சொதந்திரத்துக்குக் காடிக்கும் லீவா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். கால் மணி நேரம் போயிற்று. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து என் தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். என் காதோரம் குனிந்து, “பாயின்டு தீஞ்சிருக்கு. ரெண்டு நிமிச வேல” என்றாள். என்னிடம் மட்டும்.

கடைசியில் அப்பா நிமிர்ந்தார். வருடம் ஒன்று ஆகப்போகிறது, அக்காவை அவர் நேரே பார்த்துப் பேசி.

“அம்மாடி, செத்த வந்து என்னான்னு பாரேன்” என்றார்.

குரலில் கெஞ்சல் இருந்தது. மன்னிப்பு இல்லை. அம்மா அக்காவைப் பார்த்தாள், போயேன் என்கிற மாதிரி. அக்கா ரிப்பனின் முடிச்சை இழுத்துச் சரிசெய்தாள். எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“பெரியப்பாவக் கூப்பிட்டு ஒரு பொட்டு வெக்கச் சொல்லுங்கப்பா” என்றாள்.

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அப்பா கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். அம்மா அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படியிலிருந்த தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் பின்னால் வந்தாள். மூன்று பேரும் திடல் வரைக்கும் நடந்தே போனோம்.